மங்குக்கு லேசர் வேண்டாம், முன்பணமும் வேண்டாம்

கேள்வி: வணக்கமுங்க டாக்டர். வயசு 38. பெருந்துறை சிப்காட் பக்கம் மெஸ் நடத்துறோம். ரெண்டு கன்னத்துலயும் மூக்கு மேலயும் அஞ்சாறு வருசமா மங்கு இருக்குது. தம்பிக்குத் தை மாசம் கல்யாணமுங்க, அக்கா செய்யற இணைச்சீர்ச் சடங்கு நான்தான் செய்யோணும். தெரிஞ்ச பார்லர் அக்கா ஒரு கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போனாங்க. ஆறு தடவை லேசர், கூடவே கலர் வர குளுட்டோதயோன் ஊசி, எல்லாம் சேர்த்து 65,000 ரூபாய். இந்த வாரமே கட்டினா சலுகை, இ.எம்.ஐ.யும் உண்டுங்கறாங்க. லேசர் வெச்சா கேன்சர் வருமுங்களா? காலேஜ் போற மகளுக்குத் தாடையில முடி இருக்குது, அதுக்கும் சேர்த்தே பண்ணிக்கலாமுங்களா?

பதில்: கேன்சர் வராதும்மா. லேசர் வெறும் ஒளி, எக்ஸ்ரே மாதிரிக் கதிர்வீச்சு இல்லை. நீங்கள் பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. லேசர் வைத்த மங்கு பலருக்கு இன்னும் கறுக்கும்.

மங்கு விழுந்த தோலில் நிறத்தை உண்டாக்கும் செல்கள் சீண்டிவிட்ட நிலையிலேயே இருக்கும். வெயில், அடுப்புச் சூடு, கர்ப்பம், கர்ப்பத்தடை மாத்திரை என்று எது கிடைத்தாலும் நிறத்தைக் கொட்டும். லேசரும் அந்த இடத்துக்கு ஒரு சூடுதான். முதல் இரண்டு சிட்டிங்கில் முகம் தெளியும், போட்டோ எடுத்து உங்களிடமே காட்டுவார்கள். சில மாதம் கழித்துப் பழையதை விட அடர்த்தியாகத் திரும்பி வரலாம். விடாமல் வைத்துக்கொண்டே போனால் கருப்புக்கு நடுவில் வெள்ளைப் புள்ளிகளும் விழலாம். கருப்பையாவது குறைக்கலாம், அந்த வெள்ளையைச் சரிசெய்வது பெரும்பாடு. உங்களுக்கு லேசர் வேண்டாம்.

குளுட்டோதயோன் ஊசி அதைவிட வேண்டாம். கல்லீரல் நோய்க்கென்று இருக்கிற மருந்து அது. தோலை வெளுக்க வைக்க நம் நாட்டில் அதற்கு அனுமதி கிடையாது. பிலிப்பைன்ஸ் அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2011லேயே இந்த ஊசி பற்றி எச்சரித்தது. கடுமையான அலர்ஜி வரலாம், சிறுநீரகம் கெடலாம். கொஞ்சம் நிறம் மாறினாலும் ஊசியை நிறுத்தினால் பழைய நிறம்தான். ஆனால் கல்யாண சீசன் வந்தால் 'பிரைடல் ட்ரிப்', அதாவது கல்யாணப் பொண்ணுக்கு நிறம் ஏற்றும் ட்ரிப்ஸ் என்று போர்டே வைக்கிறார்கள். கேட்பதற்கு ஆள் இல்லை. புகாரை எந்த மேசை எடுத்துக்கொள்வது என்று முடிவாவதற்குள் பொண்ணுக்கு வளைகாப்பே வந்துவிடும்.

இனி அந்தப் பேக்கேஜ். உங்கள் கடிதம் முழுக்கத் தேடினேன், டாக்டர் உங்கள் முகத்தைப் பார்த்ததாக ஒரு வரி இல்லை. பார்த்தவர் பேக்கேஜ் விற்கிற 'கவுன்சிலர்' ஆகத்தான் இருப்பார். அவருக்கு அந்த மாதம் இத்தனை பேக்கேஜ் விற்க வேண்டும். கூட்டிப்போன பார்லர் அக்கா நல்லவராகவே இருக்கலாம், ஆனால் பல இடங்களில் ஆள் அனுப்பினால் கமிஷன் உண்டு. மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து மாட்டு விலை பேசுவது போலத்தான், உங்கள் முகத்துக்கு விலை பேசியது உங்களுக்கே தெரியாது.

இ.எம்.ஐ. என்றால் இன்னும் கவனம் வேண்டும். கடன் கொடுப்பது கிளினிக் இல்லை, ஒரு நிதி நிறுவனம். உங்கள் போனை வாங்கி, ஓ.டி.பி. கேட்டு, பத்து நிமிஷத்தில் கடனைப் போட்டுவிடுவார்கள். இரண்டாவது சிட்டிங்கிலேயே முகம் எரிந்து நீங்கள் நின்றுவிட்டாலும் தவணை நிற்காது, பணம் ஏற்கனவே கிளினிக்குக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். ரசீதில் 'பணம் திருப்பித் தரப்படாது' என்று பொடி எழுத்தில் இருக்கும். அப்படி அச்சடித்துவிட்டால் சட்டமாகிவிடாது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். மெஸ்ஸை மூடிவிட்டு ஈரோட்டுக்கு எத்தனை முறை அலைய முடியும் உங்களால்? பணம் கட்டாமல் இருப்பது சுலபம்.

'காஸ்மெட்டாலஜிஸ்ட்' என்ற போர்டைப் பார்த்துத் தோல் டாக்டர் என்று நினைக்காதீர்கள். எம்.பி.பி.எஸ்.சுக்குப் பிறகு எம்.டி., டி.என்.பி. அல்லது டிப்ளமோ என்று தோல் பிரிவில் படித்தவர்தான் தோல் டாக்டர். பெயரையும் பதிவு எண்ணையும் மகளிடம் சொல்லித் தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் இணையதளத்தில் தேடிப் பாருங்கள். எண் கேட்டால் முகம் சுளிக்கிற இடத்தில் உட்காரவே வேண்டாம்.

ஒரு விலக்கை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். இதைப் படிக்கிற வேறு யாராவது லேசரே கூடாது என்று ஒதுங்கிவிடக் கூடாது. சிலருக்குப் பிறந்ததிலிருந்தோ வயசுக்கு வந்த சமயத்திலோ ஒரு பக்கம் மட்டும் படலம் விழும். கண்ணைச் சுற்றி, நெற்றி, கன்னம் என்று பரவும். மங்கு பழுப்பு நிறம், இது நீலமும் சாம்பலும் கலந்தது. வெள்ளை விழியிலும் திட்டு இருக்கலாம். இதற்கு 'நீவஸ் ஆஃப் ஓட்டா' என்று பெயர். நிறம் தோலின் ஆழத்தில் கிடப்பதால் எந்தக் கிரீமும் எட்டாது. இதற்கு லேசர்தான் வைத்தியம், அதுவும் 'க்யூ ஸ்விட்ச்' வகை லேசர். சில மாத இடைவெளி விட்டுப் பல தடவை வைக்க வேண்டும், பொறுமை இருந்தால் நன்றாகவே மறையும். கண் டாக்டரிடமும் ஒருமுறை காட்ட வேண்டும், சிலருக்குக் கண்ணழுத்தம் கூடும். இதை மங்கு என்று நினைத்து வருஷக்கணக்கில் டியூப் பூசும் பிள்ளைகள் உண்டு. லேசர் வேண்டியவர்களுக்குக் கிரீம், கிரீம் போதும் என்பவர்களுக்கு லேசர் என்று நடக்கிறது. உங்களுக்கு இரண்டு கன்னத்திலும் இருக்கிறது, முப்பதுக்கு மேல் வந்தது. மங்கேதான்.

தைக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது, போதும். அடுப்பு முன்னால் நிற்கிற வேலையைக் கொஞ்ச நாள் வேறொருவருக்கு மாற்றிவிடுங்கள். தோசைக்கல் சூட்டில் நின்றுகொண்டு மங்குக்கு மருந்து போடுவது வீண். தோல் நிறச் சாயம் கலந்த சன்ஸ்கிரீன், எஸ்.பி.எஃப். 30க்கு மேல், ஆட்காட்டி விரலும் நடுவிரலும் நீளத்துக்குப் பிதுக்கி முகத்துக்கும் கழுத்துக்கும் பூசுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். வியர்த்தால் அதற்கும் முன்பே. எலுமிச்சைச் சாறு பக்கமே போகாதீர்கள். டாக்டர் தரும் கிரீமோடு இதையும் செய்தால் எட்டு முதல் பன்னிரண்டு வாரத்தில் வித்தியாசம் தெரியும். முழுக்கப் போகாது. போகும் என்று யாராவது உறுதி சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

மகளுக்கு லேசர் செய்யலாம், கருத்த முடி என்றால் நன்றாகக் குறையும். ஆறு முதல் எட்டு சிட்டிங் ஆகும். அதற்கு முன் மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்று பாருங்கள். சினைப்பையில் நீர்க்கட்டி என்று நாம் சொல்லும் பி.சி.ஓ.எஸ். இருந்தால் அதையும் கவனிக்காமல் லேசர் வைத்தால் முடி திரும்ப முளைத்துக்கொண்டே இருக்கும். நடுவில் திரெட்டிங், வேக்ஸிங் கூடாது. ஷேவ் செய்யலாம், அதனால் முடி தடிக்காது.

பெருந்துறையிலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. தோல் பிரிவு புறநோயாளிச் சீட்டுக்குக் காசு கிடையாது, வரிசைதான் நீளம். போகும்போது இத்தனை வருசமாக மெடிக்கலில் கேட்டு வாங்கிப் பூசிய டியூப்களையெல்லாம், காலியானதையும் சேர்த்து, ஒரு பையில் எடுத்துப் போங்கள். சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத ஸ்டீராய்டு கிரீம்கள் பல இன்னும் கேட்டதும் கிடைக்கின்றன. முகத்தில் மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும், சிவக்கும், முடி முளைக்கும். அந்தப் பையைப் பார்த்தபின் டாக்டர் சொல்கிற மருந்து வேறாகவும் இருக்கலாம்.