றக்பி பார்க்கத் தொடங்குகிறவர் முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?

கேள்வி கேட்டவர் களுவாஞ்சிகுடிக்காரர், வேலைக்காகக் கொழும்பில் இருக்கிறார். அலுவலகத்தில் எல்லோரும் பாடசாலை றக்பியைப் பற்றியே கதைக்கிறார்களாம். தொலைக்காட்சியில் போட்டுப் பார்த்தால் ஆட்கள் குவியலாக விழுவதும் மத்தியஸ்தர் விசில் ஊதுவதும் தவிர ஒன்றும் விளங்கவில்லையாம். எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கிறார்.

நானும் மட்டக்களப்புத்தான். வெபர் மைதானத்தில் உதைபந்தாட்டம் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு றக்பி முதலில் கைகலப்பாகத்தான் தெரியும். பேராதனையில் படித்த காலத்தில் கூட்டாளிகள் கண்டி நித்தவெல மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போய்ப் போய் எனக்கு இது பிடித்துப்போனது.

விதிகளை மனப்பாடம் பண்ண வேண்டாம். பந்து இருக்கும் இடத்தில் மைதானத்தின் குறுக்கே ஒரு கோடு ஓடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். பந்து நகர நகர அந்தக் கோடும் நகரும். பந்து வைத்திருப்பவனின் கூட்டாளிகள் அந்தக் கோட்டுக்குப் பின்னால் இருந்தால்தான் ஆட்டத்தில் சேரலாம். முன்னால் இருப்பவன் ஓஃப்சைட், அவன் தலையிடக் கூடாது. நீங்கள் கேட்கும் விசில்களில் பல இந்தக் கோட்டைச் சுற்றித்தான் வருகின்றன.

கையால் பந்தை முன்னால் எறியக் கூடாது என்பதும் இதிலிருந்து வருவதுதான். பக்கத்துக்கோ பின்னுக்கோதான் கொடுக்கலாம். பிடிக்கப் போய்க் கை தவறிப் பந்து முன்னால் விழுந்தால் அது நொக்-ஒன். பின்னால் விழுந்தால் ஒன்றுமில்லை, ஆட்டம் தொடரும். பந்து கீழே விழுந்தும் ஏன் விசில் ஊதவில்லை என்று புதிதாகப் பார்ப்பவர்கள் குழம்புவது இங்கேதான். முழு வேகத்தில் ஓடுகிறவன் பின்னுக்கு எறிந்த பந்துகூட அந்த வேகத்தால் சற்று முன்னே தள்ளிப் போய்ச் சேரலாம். அதனால் பந்து எங்கே போய்ச் சேர்ந்தது என்பதைவிட, கை எந்தப் பக்கம் எறிந்தது என்பதைத்தான் மத்தியஸ்தர் பார்ப்பார். பார்வையாளர்கள் இதை ஒருநாளும் ஒத்துக்கொள்வதில்லை என்பது வேறு கதை.

காலால் உதைத்தால் முன்னுக்குப் போகலாம். ஆனால் உதைத்தவனுக்கு முன்னால் நின்ற கூட்டாளிகள் உடனே பந்தைத் துரத்தக் கூடாது. உதைத்தவனோ, அவனுக்குப் பின்னால் நின்ற இன்னொருவனோ ஓடி வந்து அவர்களைத் தாண்ட வேண்டும். அதுவரை பொறுத்திருக்க வேண்டும்.

சரி, இனி அந்தக் குவியலுக்கு வருவோம். பந்தோடு ஓடுபவனைப் பிடித்து விழுத்தலாம், ஆனால் தோளுக்கு மேலே பிடிக்கக் கூடாது. கழுத்தைப் பிடித்தாலோ தலையில் மோதினாலோ மஞ்சள் அட்டையோ சிவப்பு அட்டையோ வரலாம். மஞ்சள் என்றால் 10 நிமிடம் வெளியே. பந்து கையில் இல்லாதவனைப் பிடித்து விழுத்தக் கூடாது. விழுந்தவன் உடனே பந்தை விட வேண்டும். விழுத்தியவன் அவனை விட்டுவிட்டு உருண்டு விலக வேண்டும். மறுகா, இரண்டு பக்கத்திலும் இருந்து ஆட்கள் வந்து, காலில் நின்றபடி, பந்துக்கு மேலே ஒருவரையொருவர் தள்ளுவார்கள். இதுதான் ரக். ரக் அமைந்த பிறகு பந்தில் கை வைக்கக் கூடாது, தள்ளியும் காலால் பின்னுக்கு இழுத்தும்தான் எடுக்க வேண்டும். பக்கவாட்டில் நுழைவதும் குற்றம், பின்னாலிருந்துதான் வர வேண்டும்.

அந்த நேரத்தில் குவியலைப் பார்க்காதீர்கள். இரு பக்கமும் விரிந்து நிற்கும் தடுப்பு வரிசையைப் பாருங்கள். ரக்கில் இருக்கும் தங்கள் கடைசி ஆளின் காலுக்குப் பின்னால்தான் அவர்கள் நிற்க வேண்டும். கிளித்தட்டில் கோட்டை விட்டு இறங்க முடியாமல் மறிப்பவன் துடிப்பானே, அந்தத் துடிப்பு அங்கே தெரியும். பந்து வெளியே வந்ததும் பாய்வார்கள். ஒரு நொடி முந்தினாலும் பெனல்டி, அதாவது மற்ற அணிக்குத் தண்டனை உதை.

மத்தியஸ்தரின் கையும் உதவும். கையைச் சாய்வாக மேலே நீட்டினால் பெனல்டி. கிடையாக நீட்டினால் ஸ்க்ரம், அதைக் கீழே சொல்கிறேன். இடுப்பளவில் நீட்டிக்கொண்டே ஓடினால், தவறு நடந்திருக்கிறது, மற்ற அணிக்கு இலாபம் வருமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். இலாபம் வராவிட்டால் திரும்பிப்போய் விசில் ஊதுவார்.

ஸ்க்ரம், நொக்-ஒன் போன்ற சிறு தவறுகளுக்குப் பிறகு எட்டுப் பேரும் எட்டுப் பேரும் பிணைந்து தள்ளுவது. பந்து பக்கக் கோட்டைத் தாண்டினால் லைன் அவுட்: இரு வரிசையாக நிற்க, நடுவே பந்தை நேராக எறிவார்கள், குதித்துப் பிடிப்பார்கள். இவற்றின் நுணுக்கங்களை இப்போதைக்கு விட்டுவிடலாம். எனக்கே ஸ்க்ரம்முக்குள் நடப்பதெல்லாம் முழுதாகத் தெரியாது. தொலைக்காட்சி வர்ணனையாளர்களும் பாதி ஊகம்தான் சொல்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

புள்ளிகள்: ட்ரை 5, அதற்குப் பின் வரும் உதை 2, பெனல்டி உதை 3, ட்ரொப் கோல் (ஆட்டத்தின் நடுவே பந்தைத் தரையில் விட்டு, எழும்பும்போது கம்பங்களுக்கு இடையே உதைப்பது) 3. ட்ரைக்கு எதிரணியின் கம்பங்கள் நிற்கும் கோட்டைத் தாண்டினால் மட்டும் போதாது, பந்தைத் தரையில் அழுத்த வேண்டும். எதிரணி பந்துக்குக் கீழே கையைக் கொடுத்துத் தாங்கிவிட்டால் ட்ரை இல்லை. கோட்டைத் தாண்டியவன் ஏன் இன்னும் கம்பங்களை நோக்கி வளைந்து ஓடுகிறான் என்று யோசிப்பீர்கள். பந்து அழுத்திய இடத்துக்கு நேரே பின்வாங்கித்தான் அந்த 2 புள்ளி உதை. ஓரத்தில் வைத்தால் கோணம் கஷ்டம்.

ஓர் அணிக்கு 15 பேர், ஒவ்வொரு பாதியும் 40 நிமிடம். நேரம் முடிந்தாலும் பந்து ஆட்டத்தை விட்டு வெளியேறும்வரை போட்டி முடியாது, அதனால் கடைசி நிமிடத்தில் எழும்பிப் போய்விடாதீர்கள். சட்டை இலக்கமே வேலையைச் சொல்லும்: 1 முதல் 8 வரை தள்ளுகிற பாரக்காரர்கள், 9 பந்தைக் குவியலிலிருந்து எடுத்துக் கொடுப்பவர், 10 அடுத்து என்ன செய்வதென்று தீர்மானிப்பவர், 11உம் 14உம் ஓரத்தில் பறப்பவர்கள். முதல் போட்டியில் 9, 10 இருவரை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள்.

உங்கள் அலுவலகத்தில் கதைப்பது பெரும்பாலும் கொழும்பு ரோயல் கல்லூரிக்கும் கண்டி திரினிட்டி கல்லூரிக்கும் இடையிலான பிரட்பி கேடயமாக இருக்கும். 1945 முதல் நடக்கிறது. கொழும்பில் ஒன்று, கண்டியில் ஒன்று என இரண்டு போட்டி, இரண்டின் புள்ளிகளையும் கூட்டித்தான் வெற்றி. முதல் போட்டியில் தோற்கப்போகிறோம் என்று தெரிந்த அணியும் கடைசியில் ஒரு 3 புள்ளிக்காக அடிபடுவது அதனால்தான்.

எழுவர் றக்பியில் தொடங்கினால் இன்னும் இலகு. 7 நிமிடப் பாதிகள், அதே அளவு மைதானம், ஆட்கள் பாதிக்கும் குறைவு என்பதால் பந்து எப்படிப் பின்னுக்குப் போய்க்கொண்டே முன்னேறுகிறது என்பது கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஃபிஜி தங்கம் வென்ற ஆட்டங்களைத் தேடிப் பாருங்கள். தேடும்போது 13 பேர் ஆடுகிற, விழுத்தியதும் எழும்பிக் குதிக்காலால் பந்தைப் பின்னுக்குத் தள்ளுகிற ஆட்டம் வந்தால் அது றக்பி லீக். அங்கே ரக் போட்டியே இல்லை, ஆறு தடவை பிடிபட்டால் பந்து மற்ற அணிக்கு. நான் மேலே எழுதியவற்றில் பல அதற்குப் பொருந்தாது.