டெல்லியிலேயே இருக்கவா, சார்? (கடிதமும் பதிலும்)

வணக்கம் சார்,

பயிற்சிக் காலத்திலிருந்தே உங்கள் தளத்தைப் படிக்கிறேன். எனக்கு 29 வயது, சொந்த ஊர் திருநெல்வேலி பக்கம். ஒரு பெரிய விமானக் கம்பெனியில் நாலு வருடமாக ஏ320 விமானத்தில் ஃபர்ஸ்ட் ஆபீசர் (துணை விமானி). பறந்தது 2,300 மணி ஆகிவிட்டது. பேஸ், அதாவது ட்யூட்டி தொடங்கி முடியும் ஊர், டெல்லி. மனைவி சென்னையில் வங்கியில் வேலை பார்க்கிறாள், எட்டு மாதக் குழந்தை இருக்கிறது. சென்னை பேஸுக்கு மாற்றல் கேட்பவர்களின் லிஸ்ட் ரொம்ப நீளம் என்கிறார்கள், அதனால் நான் இன்னும் விண்ணப்பமே போடவில்லை. இப்போது ஒரு சின்ன, புது கம்பெனியில் ஆஃபர் வந்திருக்கிறது. அதே ஏ320, சம்பளம் முப்பது சதவீதம் கூட, பேஸ் பெங்களூர், மூன்று வருட பாண்ட். ஒரு வருடத்தில் கமாண்ட், அதாவது கேப்டன் பதவி, என்கிறார்கள். இங்கேயே இருந்தால் இன்னும் இரண்டு வருடம் ஆகும். பயிற்சிக்கு வாங்கிய கடனில் நாற்பது லட்சம் பாக்கி. அப்பா பெரிய கம்பெனியை விடாதே என்கிறார். மனைவி, பெங்களூர் என்றால் ராத்திரி ரயிலில் வந்துவிடலாமே என்கிறாள். நீங்கள் என்ன சொல்வீர்கள்? பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

உங்கள் மனைவி சொன்னதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். கடிதத்தில் சம்பளமும் கமாண்டும் பெரிதாக இருக்கின்றன, பேஸ் ஒரு வரியில் போய்விட்டது. ஆனால் அடுத்த சில வருடங்கள் உங்கள் வீடு எப்படி இருக்கும் என்பதை அந்த ஒரு வரிதான் தீர்மானிக்கும்.

நான் டெல்லி பேஸில் ஆறு வருடம் இருந்தேன். குடும்பம் சென்னையில். டெல்லி விமான நிலையத்துக்குப் பக்கத்தில் மஹிபால்பூரில் ஒரே அறையில் நாலு பேர், ஒரு குளியலறை, ஜன்னல் கம்பியில் நாலு வெள்ளைச் சட்டை தொங்கும். ராத்திரி மூணு மணிக்குத் தரையிறங்கி வருகிறவன் வாசலிலேயே ஷூவைக் கழற்றிவிட்டு, லைட் போடாமல் சுவரைத் தடவிக்கொண்டு உள்ளே வருவான், ஏனென்றால் நாலு மணிக்குப் பிக்கப் இருக்கிறவன் இன்னும் தூங்கிக்கொண்டிருப்பான். என் பெண் நடக்க ஆரம்பித்ததை நான் போனில்தான் கேட்டேன். அதனால் சென்னைக்குப் பக்கமாக எது வந்தாலும் போய்விடலாம் என்று உங்கள் வீட்டில் நினைப்பது எனக்கு நன்றாகவே புரிகிறது.

சரி, இப்போது கணக்குப் போடுவோம். 2025 ஜூலை 1 முதல் விமானிகளின் வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 ஆகியிருக்கிறது, இரண்டு ராத்திரி அதற்குள் வர வேண்டும். வெளியூர் பேஸில் இருக்கிறவனுக்கு இதைவிடப் பெரிய உதவி சமீபத்தில் வந்ததில்லை. பெங்களூர் விமான நிலையம் தேவனஹள்ளியில் இருக்கிறது. அங்கிருந்து ரயில் நிலையத்துக்கு வரவே நல்ல நேரத்தில் ஒன்றரை மணி நேரம், அப்புறம் ராத்திரி முழுக்க ரயில், திரும்பும்போதும் அப்படியே. ட்யூட்டிக்கு முந்தின ராத்திரி ரயிலில் உட்கார்ந்து வந்துவிட்டுக் காலையில் விமானம் ஓட்ட முடியாது, ஓட்டவும் கூடாது, ஆகவே ஒரு ராத்திரி முன்னாலேயே பெங்களூரில் இருந்தாக வேண்டும். டெல்லியிலிருந்து சென்னை மூன்று மணி நேரம்தான், ஆனால் உங்களிடம் இருப்பது ஸ்டாஃப் டிக்கெட், சீட் மிச்சமிருந்தால்தான் ஏற முடியும். ஒரு விமானம் போனால் இன்னொன்று என்று நாளெல்லாம் அந்தத் தடத்தில் ஓட்டுகிற பெரிய கம்பெனியில் இருக்கிறீர்கள், அது ஒரு பலம். இரண்டையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் வாரத்தில் குழந்தையோடு இருக்கப்போகிற நேரத்தில் நீங்கள் எதிர்பார்க்கிற அளவு வித்தியாசம் வராது. மனைவி பெங்களூருக்கு மாற்றல் வாங்க முடியும் என்றால் கணக்கே வேறு. அதை நீங்கள் எழுதவில்லை, முதலில் அதைக் கேளுங்கள்.

இனி சீனியாரிட்டி. அமெரிக்காவில் அது விமானியின் உயிர். சேர்ந்த தேதியில் ஒரு எண் கிடைக்கிறது. எந்த விமானம், எந்த பேஸ், எந்த மாதம் லீவு, ஆட்குறைப்பு வந்தால் யார் முதலில் வெளியே என்பதெல்லாம் அந்த எண்தான். கம்பெனி மாறினால் இருபது வருடக் கேப்டனும் கடைசி ஆளாகப் போய் நிற்க வேண்டும். 2005-ல் யூஎஸ் ஏர்வேஸும் அமெரிக்கா வெஸ்ட்டும் இணைந்தபோது இரண்டு பட்டியலை எப்படி ஒன்றாக்குவது என்று 2007-ல் நடுவர் நிக்கலாவ் தீர்ப்புச் சொன்னார். யூஎஸ் ஏர்வேஸ் விமானிகள் அதை ஏற்கவில்லை, இருந்த சங்கத்தையே மாற்றினார்கள், வழக்கு வருடக்கணக்கில் ஓடியது. நம் ஊரிலும் நடந்திருக்கிறது. 2007-ல் ஏர் இந்தியாவையும் இந்தியன் ஏர்லைன்ஸையும் சேர்த்தார்கள், ஐந்து வருடம் கழித்து 2012-ல் ட்ரீம்லைனர் என்ற பெரிய விமானத்தின் பயிற்சிக்கு இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகளையும் அனுப்புவதா என்று ஏர் இந்தியா விமானிகள் ஆரம்பித்த வேலைநிறுத்தம் 58 நாள் நீடித்தது. வெளியே இருந்து பார்த்தவர்களுக்கு அது திமிராகத் தெரிந்தது. பெரிய விமானத்துக்குப் போகும் வரிசையில் முன்னால் ஆட்கள் வந்து நின்றால் கமாண்ட் எத்தனை வருடம் தள்ளிப்போகும் என்று உள்ளே இருப்பவனுக்குத்தான் தெரியும்.

ஆனால் இந்தியாவில் ஒரு வித்தியாசம் உண்டு, உங்கள் கேள்விக்கு முக்கியமானது அதுதான். இங்கே கேப்டன் பற்றாக்குறை எப்போதும் இருக்கிறது, அதனால் வெளியிலிருந்து நேரடியாகக் கேப்டனாகவே எடுத்துக்கொள்கிறார்கள். சீனியாரிட்டி எண்ணைத் தூக்கிக்கொண்டு போக முடியாது, லாக்புக்கில் இருக்கும் கமாண்ட் மணியைத் தூக்கிக்கொண்டு போகலாம். நான் இருந்த ஒரு கம்பெனி மூடியபோது (பெயர் வேண்டாம், பல மாதச் சம்பளம் இன்றுவரை வரவில்லை) எனக்கு மூன்று மாதத்தில் வேறு இடத்தில் கேப்டன் வேலை கிடைத்தது. பட்டியலில் கடைசி, சம்பளம் குறைவு, ஆனால் தோளில் கேப்டனின் நாலு பட்டை இருந்தது. மூடிய அந்தக் கம்பெனியில் நான் ஓட்டிய கடைசி விமானத்தில் பக்கத்து சீட்டில் வந்த பையனுக்கு 1,900 மணி, கேப்டனாக அப்கிரேடு ஆக ஆறு மாதம் பாக்கி. அவன் அதற்குப் பிறகு பதினான்கு மாதம் வேலையில்லாமல் வீட்டில் இருந்தான். அன்று தரையிறங்கி, எஞ்சினை நிறுத்தி, பேப்பரெல்லாம் முடித்த பிறகும் அவன் பெல்ட்டைக் கழற்றவில்லை. 'சார், லோன் தேதி அஞ்சு' என்று மட்டும் சொன்னான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அப்படியென்றால் ஒரு வருடத்தில் கமாண்ட் தருகிற இடத்துக்கே போகலாமே என்று கேட்பீர்கள். தருவார்கள் என்றால் நானும் போகத்தான் சொல்லுவேன். அந்த 'ஒரு வருடம்' எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கமாண்ட் என்பது ஹெச்.ஆர். கையில் இருக்கும் பொருள் கிடையாது. விமானம் வர வேண்டும், பயிற்சிக்கு சிமுலேட்டரில் இடம் வேண்டும், பயணிகள் விமானத்தில் கூடவே உட்கார்ந்து லைன் ட்ரெய்னிங் கொடுக்க ட்ரெய்னர்கள் வேண்டும், அதற்குள் வெளியிலிருந்து பத்து கேப்டன்களை எடுத்துவிடாமலும் இருக்க வேண்டும். விமானம் வருவது கம்பெனி கையிலேயே இல்லை. 2024 ஜனவரியில் அலாஸ்கா ஏர்லைன்ஸின் போயிங் 737 ஒன்றில் கதவுத் துளையை அடைத்திருந்த பலகை நடுவானில் பிய்த்துக்கொண்டு போனது, அமெரிக்க அரசு உற்பத்திக்கு உச்சவரம்பு வைத்தது, அதே வருடம் போயிங் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த விமானங்களை நம்பி ஆள் எடுத்து வைத்த கம்பெனிகளில் விமானிகள் பறக்காமல் மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். பறக்காத விமானிக்கு மணி ஏறாது. மணி ஏறாமல் கமாண்ட் எங்கே வரும்?

நம்முடையது போயிங் இல்லை, ஏர்பஸ் ஏ320 என்பதால் தப்பித்தோம் என்றும் நினைக்க வேண்டாம். கோ ஃபர்ஸ்ட் முழுக்க ஏ320 கம்பெனிதான். பிராட் அண்ட் விட்னி எஞ்சின் கோளாறால் பாதி விமானங்கள் நின்றுவிட்டன என்று சொல்லி 2023 மே 2-ல் திவால் மனு போட்டார்கள், அடுத்த நாள் பறப்பது நின்றது. அதே எஞ்சின் பிரச்சினை இண்டிகோவுக்கும் வந்தது, எழுபதுக்கும் மேற்பட்ட விமானங்கள் தரையில் நின்ற காலம் உண்டு, ஆனால் மற்ற விமானங்கள் ஓடின, சம்பளம் வந்தது. உங்கள் அப்பா பெரிய கம்பெனியை விடாதே என்று சொல்வதற்குப் பின்னால் இதுதான் இருக்கிறது. அதற்காகப் பெரியது சாகாது என்று அர்த்தமில்லை. 2019 ஏப்ரல் 17 ராத்திரி அமிர்தசரஸிலிருந்து மும்பைக்கு வந்தது ஜெட் ஏர்வேஸின் கடைசி விமானம், 1993-ல் தொடங்கிய கம்பெனி அது. கிங்ஃபிஷர் தொடங்கி ஏழே வருடத்தில், 2012-ல் நின்றது. இந்த இரண்டிலும் விமானம் நிற்பதற்கு ரொம்ப முன்னாலேயே சம்பளம் தள்ளிப்போக ஆரம்பித்திருந்தது. இன்று எங்கே இருந்தாலும் ஒன்றைக் கவனியுங்கள். சம்பளத் தேதி ஒரு தடவை தள்ளினால் காரணம் கேளுங்கள், இரண்டாவது தடவை தள்ளினால் சி.வி.யை எடுத்துத் தூசி தட்டுங்கள்.

புது கம்பெனியில் வேலை பார்க்கிற ஃபர்ஸ்ட் ஆபீசர் யாரையாவது பிடியுங்கள். ஹெச்.ஆர். வேண்டாம். போன மாதம் எத்தனை மணி பறந்தாய், கடந்த ஒரு வருடத்தில் உள்ளேயிருந்து எத்தனை பேர் கமாண்ட் ஆனார்கள் என்று இரண்டே கேள்வி கேளுங்கள். மாதம் முப்பது நாற்பது மணி, கமாண்ட் ஆனவர்கள் இரண்டு பேர் என்று பதில் வந்தால் அந்த முப்பது சதவீதத்தை மறந்துவிடுங்கள். மாதம் எழுபது மணி, இருபது பேர் ஆனார்கள் என்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள், நானும் வேறு மாதிரி யோசிக்கிறேன்.

அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பி வருவதும் எளிதில்லை. விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் டிஜிசிஏ 2017-ல் கொண்டுவந்த விதிப்படி துணை விமானிக்கு நோட்டீஸ் 6 மாதம், கேப்டனுக்கு ஒரு வருடம். அந்த நோட்டீஸ் காலம் முடியாமலே 43 விமானிகள் போய்விட்டார்கள் என்று 2023-ல் ஆகாசா ஏர் நீதிமன்றம் வரை போனது. நாற்பது லட்சம் கடனோடு பாண்டையும் தலையில் ஏற்றிக்கொண்டு வக்கீல் வீட்டுக்கு நடக்கிற நிலைமை உங்களுக்கு வேண்டாம்.

நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துச் சொன்னால், இருங்கள். இரண்டு வருடம் டெல்லியில் இருந்து கமாண்ட் வாங்குங்கள், ஒரு 500 மணியாவது கேப்டனாக ஓட்டுங்கள். அப்புறம் கம்பெனிகள் உங்களைத் தேடி வரும், பேஸை நீங்கள் கேட்டு வாங்கலாம். இது உங்கள் மனைவிக்குக் கஷ்டமான பதில் என்று தெரியும். எட்டு மாதக் குழந்தையை வைத்துக்கொண்டு வங்கி வேலைக்கும் போகிறவரிடம் இன்னும் இரண்டு வருடம் என்று சொல்வது சின்ன விஷயமில்லை. நாற்பது லட்சத்தையும் கணக்கையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்து அவரோடு சேர்ந்து முடிவெடுங்கள், உங்கள் அப்பாவோடு வேண்டாம்.

கடிதத்தில் என்னைக் கோபப்படுத்தியது ஒரே ஒரு விஷயம். லிஸ்ட் நீளம் என்று சென்னைக்கு விண்ணப்பமே போடவில்லை என்கிறீர்கள். நாலு வருடம்! அந்த லிஸ்ட் விண்ணப்பத் தேதி வரிசையில் போகிறதா, சீனியாரிட்டி வரிசையில் போகிறதா என்று நாளைக்கே கேளுங்கள். தேதி வரிசை என்றால் நாலு வருடத்தைத் தொலைத்திருக்கிறீர்கள், எப்படியிருந்தாலும் இந்த வாரமே போடுங்கள், மெயிலில் போட்டு 'கிடைத்தது' என்று பதில் வாங்கி வையுங்கள். கமாண்ட் ஆகும்போது காலி இருக்கிற பேஸுக்குத் தூக்கிப் போடுவார்கள், கொல்கத்தாவாகக்கூட இருக்கலாம். அப்போது பழைய விண்ணப்பம் நடப்பில் இருக்குமா, ரத்தாகுமா என்பதையும் எழுத்தில் கேளுங்கள். அவர்கள் அனுப்புகிற பதிலை, உங்கள் பெயரையும் கம்பெனி பெயரையும் அடித்துவிட்டு எனக்கு அனுப்புங்கள். படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.