மண் மாதிரி: ஆய்வகத்துக்குப் போகும் முன்பே நேரும் பிழைகள்

கேள்வி: நாமக்கல் பக்கம் 2 ஏக்கர் செம்மண் நிலத்தில் மரவள்ளி நட இருக்கிறேன். மண்வெட்டியால் மண் எடுத்து, தகர வாளியில் கலந்து, பொட்டாஷ் வந்த சாக்கில் சில நாள் கட்டி வைத்து, பின்பு மொட்டை மாடி வெயிலில் உலர்த்திக் கொடுத்தேன். ஜிங்க்கும் (துத்தநாகம்) சாம்பல் சத்தும் (பொட்டாஷ்) போதுமான அளவு இருப்பதாக முடிவு வந்தது. ஆனால் சென்ற முறை இதே நிலத்தில் கொழுந்து இலைகள் குறுகி, நரம்புகளுக்கு நடுவே வெளுத்திருந்தன. எதை நம்புவது?

பதில்: பயிர் காட்டிய ஜிங்க் பற்றாக்குறை அறிகுறியையே இப்போதைக்கு நம்புங்கள், இந்த முடிவை வைத்து ஜிங்க் சல்பேட் உரத்தை நிறுத்திவிட வேண்டாம். ஆய்வகத்தில் தவறு நடந்திருக்கும் என்று நான் கருதவில்லை. ஓர் ஏக்கரில் 15 செ.மீ. ஆழம் வரை உள்ள மண்ணின் எடை ஏறத்தாழ 9 லட்சம் கிலோ. ஜிங்க் அளவைக் கணக்கிட ஆய்வகம் எடுத்துக்கொள்வதோ 10 கிராம். பயிருக்குக் கிடைக்கும் ஜிங்க் ஒரு கிலோ மண்ணில் ஒன்றிரண்டு மில்லிகிராம் அளவில்தான் இருக்கும் என்பதால், துத்தநாகம் பூசிய தகர வாளியில் உரசி ஒட்டிய துகளே பற்றாக்குறையை மறைத்துவிடப் போதும். பொட்டாஷ் சாக்கைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்; எவ்வளவு உதறினாலும் அதன் இழைகளில் உப்பு தங்கியிருக்கும்.

ஈர மண்ணைக் கட்டி வைத்தால் நுண்ணுயிர்கள் தொடர்ந்து இயங்கித் தழைச்சத்தின் வடிவத்தை மாற்றிவிடும். கடும் வெயிலில் காய வைத்தாலோ சாம்பல் சத்து, இரும்பு, மாங்கனீசு ஆகியவற்றின் கிடைக்கும் அளவு மாறுபடும்.

ஆகவே, உரமிடும் முன் புதிதாக மாதிரி எடுங்கள். வரப்பு, வாய்க்கால், மர நிழல், எருக்குவியல் இருந்த இடம் ஆகியவற்றைத் தவிர்த்து, வளைந்து வளைந்து நடந்து 10 முதல் 15 இடங்களில், மேலுள்ள சருகை மட்டும் விலக்கிவிட்டு, 22 செ.மீ. ஆழத்துக்கு 'வி' வடிவில் குழி வெட்டுங்கள். வெட்ட மண்வெட்டி ஆகும். ஆனால் இரும்பு பட்ட பக்கத்தை மூங்கில் பட்டையால் சுரண்டித் தள்ளிவிட்டு, அதன் பிறகு தெரியும் மண்ணை மேலிருந்து கீழ்வரை ஒரே கனமாக அந்தப் பட்டையாலேயே சீவி எடுக்க வேண்டும். மேட்டுப் பகுதியும் பள்ளப் பகுதியும் நிறத்தில் வேறுபட்டால் தனித்தனி மாதிரிகளாகவே எடுங்கள்.

எடுத்த மண்ணைப் பிளாஸ்டிக் வாளியில் சேர்த்து, சுத்தமான பாலித்தீன் விரிப்பில் பரப்பி, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளை நீக்கி, மீதியைக் கலந்து, அரை கிலோ மிஞ்சும் வரை இவ்வாறே செய்யுங்கள். அன்றே நிழலில் காற்றோட்டமாக உலர்த்துங்கள். கட்டிகளை மரக்கட்டையால் தட்டி உடைக்கலாம். சரளைக் கல்லை உடைக்காமல் பொறுக்கிப் போட்டுவிட வேண்டும். சலிப்பதை ஆய்வகத்திடமே விட்டுவிடுவது நல்லது, ஏனெனில் வீட்டிலுள்ள பித்தளைச் சல்லடையிலும் துத்தநாகம் உண்டு. புதிய துணிப்பையில் இட்டு, சர்வே எண், ஆழம், முன்பயிர், அடுத்த பயிர் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிய சீட்டை உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக வைத்து, நுண்ணூட்ட ஆய்வும் தேவை என்று குறிப்பிட்டுக் கொடுங்கள்.