என்னைப் பாத்துட்டே எப்படி சார் குறுக்க திருப்பினாரு? – பைக் ஓட்றவங்களோட கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சார், போன வாரம் ஒரு ஜங்ஷன்ல நான் நேரா போயிட்டு இருக்கேன், எதிர்ல நின்ன கார்காரர் என் பக்கம் திரும்பி நல்லா பாத்தாரு, பாத்துட்டே சட்டுனு குறுக்க திருப்பிட்டாரு. பிரேக் அடிச்சு மயிரிழையில தப்பிச்சேன். கேட்டா "சத்தியமா உன்னை கவனிக்கல தம்பி"ங்கறாரு. பொய்தானே?

பதில்: உங்க கோவம் நியாயம்தான் தம்பி, ஆனா அவர் பொய் சொல்லியிருக்கணும்னு இல்ல. 1981ல அமெரிக்காவுல ஹாரி ஹர்ட் தலைமையில ஒரு பெரிய ஆய்வு வந்துச்சு, லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் 900 பைக் விபத்துகள நடந்த இடத்துக்கே போய் பாத்திருக்காங்க. இன்னொரு வண்டியோட மோதின கேஸ்கள்ல மூணுல ரெண்டு, அந்த வண்டிக்காரர் பைக்குக்கு வழி விடாம குறுக்க வந்ததால நடந்ததுதான், அவங்கள்ல நிறைய பேர் பைக்க கவனிக்கவே இல்ல, இல்லனா லேட்டா கவனிச்சாங்க.

காரணம் நம்ம கண்ணுதாங்க. தலைய வேகமா இப்படி அப்படி திருப்பும்போது கண்ணு தாவித் தாவித்தான் போகும், அந்த தாவலுக்கு நடுவுல இருக்கறத மூளை பதிவு பண்ணாது. கார விட ஒல்லியா இருக்கற பைக் பல நேரம் அந்த இடைவெளியிலயே போயிடும். போதாததுக்கு கார் கண்ணாடியோட ஓரத்துல இருக்கற தூண் வேற, ஒரு முழு பைக்கையே மறைச்சிடும். அப்புறம் சின்ன பொருள் எப்பவுமே தூரத்துல இருக்கற மாதிரி தோணும், அதனால உங்களப் பாத்தாலும் "இன்னும் நேரம் இருக்கு"னு நெனச்சு திருப்பிடுவாங்க.

அதனால ஜங்ஷன்ல அவர் முகத்தைப் பாத்து நம்பாதீங்க, முன் சக்கரத்தைப் பாருங்க. கார் நகர ஆரம்பிக்கறது முதல்ல தெரியறது அங்கதான். ஆக்ஸிலரேட்டர கொஞ்சம் விட்டுட்டு விரல பிரேக் மேல வெச்சுக்கோங்க. 60 கிலோமீட்டர் வேகத்துல போனா ஒரு செகண்டுக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடிடும், விரல் பிரேக்குக்கு போய் சேர்றதுக்குள்ளயே பாதி கதை முடிஞ்சிடும். இன்னொண்ணு, நேரா வர்ற பைக் ஒரே இடத்துல நிக்கற புள்ளி மாதிரிதான் எதிர்ல இருக்கறவருக்கு தெரியும். பக்கத்துல வேற வண்டி இல்லனா, உங்க லேனுக்குள்ளயே லேசா ஒரு பக்கம் நகந்து போங்க, அந்த அசைவு கண்ணுல படும்.

கேள்வி: பளிச்சுனு ஜாக்கெட் போட்டா உண்மையிலயே பிரயோஜனம் உண்டா? எனக்கு கருப்புதான் புடிக்கும்.

பதில்: உண்டு. நியூசிலாந்துல ஆக்லாந்து பகுதியில பண்ணி 2004ல வெளியான ஆய்வுல, ஒளிரும் இல்லனா ரிஃப்ளெக்டிவ் துணி போட்டவங்களுக்கு அடிபடற வாய்ப்பு 37 சதவீதம் கம்மியா இருந்துச்சு, கருப்பு ஹெல்மெட்டோட ஒப்பிட்டா வெள்ளை ஹெல்மெட்டுக்கு 24 சதவீதம் கம்மி, பகல்லயும் ஹெட்லைட் போட்டவங்களுக்கு 27 சதவீதம் கம்மி. ஆனா ஒளிரும் துணியையும் ரிஃப்ளெக்டிவ் துணியையும் ஒண்ணுன்னு குழப்பிக்காதீங்க. அந்த பளீர் மஞ்சளும் ஆரஞ்சும் சூரிய வெளிச்சத்துல இருக்கற புற ஊதாவ வாங்கித்தான் மின்னும், ராத்திரியில அது வெறும் துணி. ராத்திரிக்கு வேலை செய்யறது ரிஃப்ளெக்டிவ் பட்டை, அடுத்தவர் ஹெட்லைட்ட அவருக்கே திருப்பி அனுப்பும். கருப்பு ஜாக்கெட்ட விட மனசில்லனா பரவால்ல, மேல ஒரு ரிஃப்ளெக்டிவ் வெஸ்ட் போடுங்க, முதுகுல பை மாட்டினா அது வெஸ்ட்ட மறைச்சிடும், அதனால பை மேலயும் பட்டை ஒட்டுங்க.

கேள்வி: லாரி பக்கத்துல போகும்போது ஹாரன் அடிச்சுட்டே போனா போதுமா?

பதில்: போதாது. அவரோட சைடு மிரர்ல அவர் முகம் உங்களுக்கு தெரியலனா நீங்க அவருக்கு தெரியல, அவ்வளவுதான். ஒண்ணு பின்னாடி தள்ளி நில்லுங்க, இல்ல இடம் நல்லா இருந்தா சட்டுனு தாண்டி போயிடுங்க, பக்கத்துலயே கூட ஓடிட்டு இருக்காதீங்க. முக்கியமா அவர் திரும்பப் போற பக்கம் நுழையவே வேணாம், பின் சக்கரம் முன் சக்கரம் போன தடத்துல வராது, உள்பக்கமா வெட்டித்தான் வரும்.

கேள்வி: சிக்னல்ல நிக்கும்போது பின்னாடி வந்து இடிச்சிடுவாங்களோனு பயமா இருக்கு. (ஒரு வாசகி)

பதில்: பயப்படறது தப்பில்லம்மா, அதை வேலைக்கு பயன்படுத்திக்கோங்க. முன்னாடி நிக்கற கார ஒட்டி நிக்காம, ஓரமா விலகிப் போக இடம் விட்டு நில்லுங்க. கியர் வண்டினா பின்னாடி ஒரு வண்டி வந்து நிக்கற வரைக்கும் முதல் கியர்லயே வெச்சிருங்க, கண்ணு மிரர்ல இருக்கட்டும், பிரேக்க லேசா விட்டு விட்டு புடிச்சா சிவப்பு லைட் மின்னும். கியர குறைச்சு மட்டுமே வேகத்த கொறைக்கறவங்களுக்கு ஒண்ணு, அப்போ பிரேக் லைட் எரியாது, பின்னாடி வர்றவருக்கு நீங்க ஸ்லோ ஆகறதே தெரியாது, பிரேக்கயும் லேசா தொடுங்க. காலையில வண்டிய எடுக்கும்போது சுவத்துக்கு முதுகு காட்டி நிறுத்தி ரெண்டு பிரேக்கையும் தனித்தனியா புடிச்சுப் பாருங்க, ரெண்டுக்கும் சுவத்துல சிவப்பு விழணும்.