பையை நகர்த்த முடியாது

கேள்வி: கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் வசிக்கிறேன். உயரம் 5 அடி 5 அங்குலம். புக்கிட் பிந்தாங்கில் 1,400 ரிங்கிட் விலையில் ஒரு டிசைனர் கார்கோ கால்சட்டையைப் பார்த்தேன். எனக்கு மூன்று அங்குலம் நீளம். "வெட்டித் தைத்தால் சரியாகிவிடும்" என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா? வெள்ளிக்கிழமைகளில் அலுவலகத்துக்கும் அணிய ஆசை.

பதில்: நீளத்தைக் குறைக்கத் தெரியாத தையற்காரர் கிடையாது. ஆனால் தொடைப் பையை மேலே ஏற்றித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் நம்பாதீர்கள். பழைய தையல் துளைகள் வரிசையாகத் தெரியும். அதுவரை பைக்கு அடியில் மறைந்திருந்த துணி மட்டும் புது நிறத்தில் பளிச்சென்று நிற்கும்.

இந்தப் பை சிப்பாய்களிடமிருந்து வந்தது. 1930களின் இறுதியில் வந்த பிரிட்டிஷ் இராணுவச் சீருடையில், வரைபடம் வைக்க இடது தொடையில் ஒரு பெரிய பை இருந்தது. 1942இல் அமெரிக்க வான்குடைப் படையினருக்கு இரு தொடைகளிலும் விரியும் பைகள் வைத்தார்கள். அவசரத்தில் கை போனதும் எட்ட வேண்டும், அதுதான் கணக்கு. துணியும் விலையும் எவ்வளவோ மாறிவிட்டன. கையின் நீளம் மாறவில்லை.

ஆகவே கடையில் அணிந்து, நிமிர்ந்து நின்று, கைகளைத் தொங்கவிடுங்கள். விரல் நுனி பையின் மூடியைத் தொட வேண்டும். பையின் அடிவிளிம்பு முழங்கால் சில்லுக்கு நான்கு விரற்கடையாவது மேலே இருக்கட்டும். அதற்கும் கீழே இறங்கினால் நடக்கும்போதெல்லாம் கைப்பேசி முட்டியில் இடிக்கும். பக்கத்து வீட்டு அண்ணனின் கால்சட்டையைக் கேட்டு வாங்கி வந்ததுபோல் இருக்கும். முழங்கால் மடங்க இடம் தர மடித்துத் தைத்த டாட்டும் கணுக்கால் பக்கம் இறங்கிவிடும்; கீழே வெட்டினால் அது மேலே ஏறாது.

கால் அகலத்தைக் குறைப்பதிலும் சிக்கல் உண்டு. வெளிப்பக்கத் தையலின் மேலேயே பை உட்கார்ந்திருப்பதால் உள்பக்கம் மட்டும்தான் பிடிக்க முடியும். அங்கேயும் இரட்டை மடிப்புத் தையல் இருந்தால் கூலி கூடும். கேட்பவரைக் குறை சொல்லாதீர்கள், பிரித்துத் தைப்பவருக்குத்தான் கஷ்டம் தெரியும். அடிவிளிம்பில் கயிறு ஓடினால் அதற்கான தடத்தையும் புதிதாக அமைக்க வேண்டும். தைத்து முடித்த பிறகு சாயம் ஏற்றிய துணியென்றால் (1982இல் மாசிமோ ஓஸ்தி தொடங்கிய ஸ்டோன் ஐலண்ட் என்ற இத்தாலிய ஆடை நிறுவனம் இதில் பேர்போனது) விளிம்பில் படிந்த நிற ஏற்ற இறக்கம் வெட்டியதோடு போய்விடும். பழைய விளிம்பையே மறுபடி ஒட்டித் தைக்கச் சொல்லுங்கள்.

துணியைப் பற்றிச் சுருக்கமாக: சதுர மீட்டருக்கு 200 கிராம் அளவிலான ரிப்ஸ்டாப் நம் ஊர்ப் புழுக்கத்துக்குப் போதும். கட்டம் கட்டமாகத் தடித்த நூல் ஓடுவதால் கிழிசல் பரவாது. 300 கிராம் டிரில் என்ற தடித்த துணி மழைக்குப் பின் காய மறுக்கும். எதுவானாலும் துவைத்ததும் உள்புறம் திருப்பி, பை மூடிகளைத் திறந்து காயப் போடுங்கள். பூசணம் முதலில் பிடிப்பது பையின் மடிப்புகளில்தான்.

அலுவலகத்துக்கு அடர்நிறமும், துருத்தாத தட்டைப் பையும், அந்தப் பைக்குள் ஒன்றும் வைக்காத கட்டுப்பாடும் இருந்தால் சரி.

பணம் கொடுக்குமுன் பழைய துணி விற்கும் ஒரு பண்டல் கடைக்குப் போய் வாருங்கள். அமெரிக்க இராணுவக் கால்சட்டைகளின் துணிச்சீட்டில் இடுப்பளவோடு உயரமும் இருக்கும். 'ஷார்ட்' என்று போட்டிருப்பதை எடுத்து அணிந்து, பை எங்கே உட்காருகிறது என்று கண்ணாடியில் பாருங்கள். புக்கிட் பிந்தாங் கால்சட்டையில் பை அதைவிட இரண்டு விரல் இறங்கியிருந்தாலும் எனக்கு அது வேண்டாம்.