தாளிக்கும்போது ஏன் எகிறுகிறது மீட்டர்?

கேள்வி: என் 6 வயது மகனுக்கு வீசிங் இருக்கிறது. அவனுக்காக பி.எம். 2.5, அதாவது காற்றில் மிதக்கும் நுண்துகள், ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் என்று காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கினோம். சாதாரணமாக 30 காட்டுவது, தாளிக்கும்போதும் வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும்போதும் 300ஐத் தாண்டுகிறது. எங்கள் வீடு மெயின் ரோட்டை விட்டு நன்றாகத் தள்ளித்தான் இருக்கிறது. மீட்டர் கோளாறா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: கோளாறாக இருக்காது. குக்கர் ஆவிக்குப் பக்கத்தில் வைத்தால் மட்டும் நீர்த்துளியையும் துகளாக எண்ணிக் கூட்டிக் காட்டும், அதனால் அடுப்பை விட்டுத் தள்ளி வையுங்கள்.

நம் தலைமுடியின் தடிமனில் சுமார் இருபதில் ஒரு பங்குதான் இந்த பி.எம். 2.5 துகள், மூக்கில் தங்காமல் நுரையீரலின் அடிவரை போய்விடும். ஒரு நாள் சராசரி 15ஐத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம், நம் நாட்டு வரம்பு 60. அரை மணி நேரம் 300 காட்டுவதை அதோடு அப்படியே ஒப்பிட முடியாதுதான், ஆனால் ஏற்கெனவே இழுப்பு இருக்கிற பிள்ளைக்கு அந்த அரை மணி நேரமே போதும்.

கேஸ் அடுப்பில் புகை இல்லையே என்று நினைக்கிறோம். எண்ணெய் நன்றாகக் காய்ந்தாலே துகள் கிளம்பிவிடும், மிளகாய் வறுத்தால் கூடத்தில் இருப்பவர்கள்வரை இருமுகிறார்களே! எண்ணெய் புகைவதற்கு முன்பே கடுகைப் போடுங்கள், அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு, சமைத்து முடித்து கால் மணி நேரம் கழித்து நிறுத்துங்கள். காற்றை வெளியே தள்ளாமல் அடுக்களைக்குள்ளேயே சுற்றவிடுகிற சிம்னியாக இருந்தால் ஜன்னலையும் திறந்தாக வேண்டும்.

பெருக்கும்போது எழுவது பெரும்பாலும் பெரிய தூசி, ஈரத்துணியால் துடைத்தால் அடங்கிவிடும்.

நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் கேட்கிறேன், ராத்திரி கொசுவர்த்திச் சுருள் ஏற்றுகிறீர்களா? ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் 75 முதல் 137 சிகரெட் அளவுக்கு நுண்துகள் விடுகிறது என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. கதவைச் சாத்திக்கொண்டு, பிள்ளையின் தலைமாட்டில் விடியவிடிய! எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விடக் கவலை. இன்றைக்கே நிறுத்திவிட்டுக் கொசுவலை கட்டுங்கள்.

சாம்பிராணியை விட்டுவிடுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பையன் பள்ளிக்கூடம் போன பிறகு, எல்லா ஜன்னல்களையும் திறந்து வைத்துக் கொஞ்சமாகப் போடுங்கள். அவன் திரும்பி வருவதற்குள் மீட்டர் பழையபடி 30க்கு இறங்கியிருக்க வேண்டும்.