மூன்று கிலோமீட்டருக்கு ஒன்றே முக்கால் மணி நேரமா?

கேள்வி: எனக்கு 44 வயது. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் வீடு, ஒயிட் டவுனில் ஆபீஸ். மூன்று கிலோமீட்டர்கூட இருக்காது. சில மாதங்களாக சைக்கிளில் போகிறேன். காலை ஏழே முக்காலுக்குக் கிளம்பினால், கடற்கரைச் சாலையில் காற்று வாங்கிவிட்டு ஒன்பதரை மணி ஆபீசுக்கு நிதானமாகப் போய்விடலாம். மனசே லேசாகிவிடுகிறது. ஆனால் என் மனைவி, "சைக்கிளைத் தூக்கிப் போட்டுட்டு ஸ்கூட்டர் வாங்குங்க" என்று தினமும் சண்டை போடுகிறாள். பள்ளி ஆசிரியை, படித்தவள், இப்படிக் கௌரவம் பார்க்கலாமா? மைத்துனரும் கிண்டல் செய்கிறார். வீட்டில் இன்சுலின் போட்டுக்கொள்ளும் என் அம்மாவும் நான்காம் வகுப்புப் படிக்கும் மகனும் இருக்கிறார்கள். என் சந்தோஷத்தை நான் விட்டுக்கொடுக்க வேண்டுமா?
- முத்தியால்பேட்டை வாசகர்

பதில்: சைக்கிள் உடம்புக்கு நல்லது, யார் சொன்னாலும் விடாதீர்கள் என்று எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். அதற்கு முன் ஒரு கணக்கைப் பார்ப்போம். ஏழே முக்காலுக்குக் கிளம்புகிறீர்கள், ஒன்பதரைக்கு ஆபீஸ். மேடு பள்ளம் இல்லாத ஊரில் மூன்று கிலோமீட்டரை மெதுவாக மிதித்தாலே கால் மணியில் கடந்துவிடலாம். எம்.ஜி. ரோடு நெரிசலுக்கும் சேர்த்து 20 நிமிடம் என்றே வைத்துக்கொள்வோம். மிச்சம் 85 நிமிடம். அது யாருடைய நேரம்?

நீங்கள் கேட்டைச் சாத்திவிட்டுப் போன பிறகு வீட்டுக்குள் என்ன நடக்கும் என்று நான் சொல்கிறேன். ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் உங்கள் அம்மா சாப்பிட்டாக வேண்டும். தள்ளிப்போனால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். அதே நேரத்தில்தான் பையன் ஒற்றைக் கால் சாக்ஸைத் தேடுவான், கல்லில் தோசை தீயும், வாசலில் வேன்காரர் ஹாரன் அடிப்பார். எல்லாவற்றையும் முடித்துவிட்டு உங்கள் மனைவியும் தலையை வாரிக்கொண்டு டெம்போ பிடிக்க ஓட வேண்டும். அந்த நேரத்தில் நீங்கள் காந்தி சிலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மனசை லேசாக்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

இது மாதிரிக் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. ஒருவருக்கு வாக்கிங், ஒருவருக்கு டீக்கடை பேப்பர், இன்னொருவருக்கு ஷட்டில். எனக்கென்று கொஞ்ச நேரம் வேண்டாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். மனைவிக்கு அப்படி ஒரு நேரம் எப்போது கிடைக்கிறது என்று கேட்டு ஒரு கணவரும் எனக்கு எழுதியதில்லை.

கௌரவம் பார்க்கிறாள் என்று எதை வைத்து முடிவு கட்டினீர்கள்? ஸ்கூட்டர் இருந்தால் நீங்கள் ஒன்பது மணி வரை வீட்டில் இருப்பீர்கள், வேனைத் தவறவிட்டால் பையனைக் கொண்டுபோய் விடுவீர்கள். அந்த ஒரு மணி நேரத்தைத்தான் அவர் இத்தனை நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.

மைத்துனர் பேச்சை விடுங்கள். ஆசிரமத்துப் பெரியவர்கள் நரைத்த தலையோடு சைக்கிளில் போகிற ஊர் இது. துணைநிலை ஆளுநராக இருந்தபோது கிரண் பேடியே சைக்கிளில் ஊரைச் சுற்றி வந்தார்.

பெற்ற தாய்க்கு ஊசி போடுவது மகனின் வேலை. மருமகள் செய்தால் அது அவருடைய நல்ல மனசு. அதை எழுதி வைத்த சொத்து மாதிரி நீங்கள் அனுபவிக்கக் கூடாது. இதில் நான் யாருக்கும் சலுகை தருவதில்லை.

சைக்கிளை விட வேண்டாம். நாளையிலிருந்து ஒன்பது மணிக்குக் கிளம்புங்கள், அவ்வளவுதான். ஊசி போடக் கற்றுக்கொள்ளுங்கள். தினமும் ஒரே இடத்தில் குத்தாமல் இடம் மாற்றிப் போட வேண்டும். உங்கள் மனைவிக்கு அதெல்லாம் அத்துப்படி, கேட்டால் சொல்லித் தருவார். பையனை வேனில் ஏற்றும் பொறுப்பையும் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். சந்தோஷம் ஒன்றும் குறைந்துவிடாது. பெரிய வாய்க்காலைத் தாண்டிக் கிழக்கே திரும்பினால் தெருக்கோடியில் கடல் தெரியும், அதைப் பார்க்க ஒரு நிமிடம் போதும். கோடைச் சாயங்காலத்தில் தென்கிழக்கிலிருந்து அடிக்கும் கடல்காற்று, வடக்கே வீடு திரும்பும் உங்கள் முதுகைப் பிடித்துத் தள்ளும். அது போதாதா? இன்னும் காற்று வாங்க வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில், கடற்கரைச் சாலையில் வண்டி விடாத நேரத்தில், மனைவியையும் பையனையும் கூட்டிக்கொண்டு நடந்து வாருங்கள்.

இப்படி ஒரு மாதம் ஓடட்டும். அப்புறம் ஸ்கூட்டர் வேண்டுமா என்று அவரிடம் நீங்களே கேளுங்கள். வேண்டும் என்றால் அவர் பெயரிலேயே வாங்கிக் கொடுங்கள். டெம்போவுக்குக் காத்து நிற்காமல் அவர் பள்ளிக்கூடம் போகட்டும், நீங்கள் உங்கள் சைக்கிளிலேயே போய் வரலாம்.